சரீரமில்லாத சாரீரம்

ஜப்பானியப் பாடகி ஹாட்சுனே மிக்குவுக்கு என்றும் பதினாறு வயது. சாரீரம் உண்டு, சரீரம் இல்லை! யாமஹா கம்பெனியாரின் 'வோகலாய்ட்' என்னும் கணினி முறையைக் கொண்டு, ஸப்போரோ நகரத்துக் கிரிப்டன் கம்பெனியார் 2007-ஆம் ஆண்டில் அவளை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். ஸாகி புஜிதா என்ற குரல் நடிகை சிறு சிறு ஒலித்துண்டுகளாக உச்சரித்துக் கொடுத்தார். நாம் ஸ்வரத்தையும் சொல்லையும் குறித்துக் கொடுத்தால், அத்துண்டுகளைக் கோத்துக் கணினி பாடிவிடுகிறது.

உயிரற்ற பாட்டென்று ரஸிகர் சிலர் முகஞ் சுளிக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல சாரீரம் வாய்க்காமல், பாடகரை அமர்த்தப் பொருளுமில்லாமல், மெட்டொன்றை மனத்துக்குள்ளேயே சுமந்து திரிந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இன்று வாய் கிடைத்திருக்கிறது. இயந்திரம் துயரம் அறியாதுதான். வீணைத் தந்தி மட்டும் அறியுமா? பாட்டின் உயிர் அதை இயற்றியவரிடம் இருக்கிறது. குரல் ஈந்த அம்மையாரின் பெயரை மட்டும் நாம் மறவாதிருப்போமாக.