பாடும் மீனும் பாடும் மனிதரும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று பெருமை பேசாதவர் எமது ஊரில் இல்லை. நாமும் நிலவுக் காலங்களில் தோணியேறிச் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையில் காதை வைத்துக் கேட்டிருக்கிறோம். ஆனால், அதே வாவிக்கரையில் மனிதர் பாடிய பாட்டுக்கு நாம் காது கொடுத்தோமா?

சிறு வயதில், பறங்கியர் வீட்டுக் கலியாணம் ஒன்றை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தோம். வயலினும் மண்டலினும் றபானும் சேர்ந்து எழுப்பிய கப்றிஞ்ஞாத் தாளத்துக்குக் கிழவரும் குமரிகளும் இணையிணையாக ஆடினர். வயலின் வாசித்தவர், முந்திய வாரம் எமது வீட்டுக் கதவைச் செப்பனிட்ட தச்சர். உளி பிடித்துக் காய்த்த விரல்கள் அவை! “பறங்கிக் கூத்தில் உனக்கென்ன பார்வை?” என்று பெரியவர்கள் எம்மை இழுத்து வந்தனர். கதவுக்கு அவர் வேண்டும். அவர் கலை வேண்டாம்!

1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638 இல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தனர். அரசு போயிற்று, மொழியும் தாளமும் நின்றன. கப்றிஞ்ஞா என்ற பெயரிலேயே, அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கக் ‘காப்பிரி’களின் நினைவு இருக்கிறது. இவற்றைக் காத்தவர்கள் தச்சரும் கொல்லருமான உழைப்பாளிகளே.

இம்மரபின் கிளைதான் பைலா. பொலிஸ் சேவையிலிருந்த வாலி பஸ்தியன் அதனைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப்பிசையிலும் அத்துள்ளல் ஒலித்தது. ‘சுராங்கனி’ கடல் கடந்து, 1977 இல் தமிழ்நாட்டுத் திரைப்படத்திலும் ஏறியது. புதிய அலை என்று நாமும் கைதட்டினோம். அதன் ஊற்று எமது அயல்வீட்டிலும் இருந்ததை எண்ணிப் பார்த்தோமில்லை.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. டச்பார்க் கரையில் வாழ்ந்த பறங்கியர் பலர் மாண்டனர், வீடுகள் அழிந்தன, எஞ்சியோரிற் பலர் வேறிடங்களிற் குடியேறினர். நெருங்கி வாழ்ந்த மக்கள் சிதறினால், கூடி ஆடும் ஆட்டம் எங்ஙனம் நிலைக்கும்?

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எமது நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று இகழ்ந்தவர்களே பின்னர் அதைப் போற்றினர். அந்த மரியாதை கப்றிஞ்ஞாவுக்கும் உரியது. எமது பாடசாலை விழாக்களில் அக்கலைஞரை அழைத்து அமர்த்துவோம். அவர்கள் பாட்டை ஒலிப்பதிவு செய்வோம். எம் பிள்ளைகள் அவர்களிடம் கற்கட்டும்.

மீனின் பாட்டுக்கு மூச்சடக்கிக் காத்திருந்த நாம், மனிதனின் பாட்டையும் கேட்கப் பழகுவோம்.