மண்ணுக்கு ஏது குலம்?

நகரத்தில் கற்றால் அதற்குப் பெயர் செராமிக்ஸ். சிற்றூரில் செய்தால் அதற்குப் பெயர் குலத்தொழில்! அங்கே கட்டணம் செலுத்திக் காத்திருக்கின்றனர். இங்கே கட்டுப்படியாகாமல் கைவிட்டுப் போகின்றனர். மண் ஒன்றே, நீர் ஒன்றே, நெருப்பும் ஒன்றே. பெயர் மட்டும் ஏன் இரண்டாயிற்று?

இவ்விரு இடங்களிலும் மாணவராக அமர்ந்தவர் நாம். பள்ளி விடுமுறை நாள்களில், முதலில் நகரத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில் மின்சக்கரத்தின் முன். பின்னர் வைகைக் கரைச் சிற்றூரில், முதிய குயவர் ஒருவரின் முற்றத்தில். கல்லூரியில் கலை பயின்ற நமக்குப் புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் மண்கலம் வனைபவனை விளித்துப் பாடப்பட்டவை என்பது தெரியும். அவற்றில் அவனுக்கு வழங்கும் பெயர் ‘கோ’ என்பதும் தெரியும். அரசனுக்கு வழங்கிய அதே சொல்! ஆனால், ஒரு பிடி மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதை எந்த ஏடும் நமக்குக் கற்றுத் தரவில்லை.

பெரியவர் கற்றுத் தந்தார். “மண்ணோடு மல்லுக்கு நிற்காதீங்க தம்பி. முழங்கையைத் தொடையில் ஊன்றுங்க. கை ஆடாவிட்டால் மண்ணும் ஆடாது.” ஒரு வரியில் ஒரு பாடநூல்! மண் நடுவில் நிலைத்தால்தான் சுவர் எழும்பும். ஒரு நூலளவு விலகினாலும் வாய் கோணும். அந்த நிலைப்பு நம் கைக்கு வர ஏழு வாரம் பிடித்தது. பெரியவருக்கும் அது பிறவியில் வரவில்லை. பத்து வயதில் தொடங்கிப் பல்லாண்டு பழகிப் பெற்றதாக அவரே சொன்னார். பழக்கத்தின் பயனைப் பிறப்பின் கணக்கில் எழுதிவைத்தது யார்?

சூளையில் பானை வெடித்தால் கண்ணேறு என்பார் உளர். கண்ணும் இல்லை, ஏறும் இல்லை, ஈரம்! உள்ளே தங்கிய நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. மெல்ல வெளியேற வழியில்லையெனில் சுவரைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. ஆகவேதான் நிழலில் உலர்த்துவதும் தொடக்கத்தில் சிறுதீ மூட்டுவதும். வெப்பம் 500, 600 டிகிரி செல்சியசை எட்டுகையில் களிமண்ணோடு பிணைந்திருந்த நீரும் நீங்குகிறது. அதன்பின் அது தண்ணீரில் கரையாது. வேப்பிலை கட்டிய சூளையிலும் ஈரப்பானை வெடிக்கும். கட்டாத சூளையிலும் காய்ந்த பானை தேறும்.

இத்தனை அறிவியலும் ஒரு கைப்பிடி மண்ணில் இருக்க, அதனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவானேன்? திட்டம் தீட்டினோம். பச்சை ஓட்டில் பத்து சென்டிமீட்டர் கோடு கீறி, உலர்ந்தபின் ஒருமுறை, சுட்டபின் ஒருமுறை அளந்து, சுருக்கத்தை விழுக்காட்டில் கணக்கிடுவது முதற்பணி. மெருகிட்ட கலத்திலும் மெருகிடாத கலத்திலும் நீர் வைத்து, எது குளிர்கிறது, ஏன் குளிர்கிறது என்று காண்பது இரண்டாம் பணி. கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்களைப் போல ஒரே கலத்தில் இரு நிறம் வரச் சுட்டுப் பார்ப்பது மூன்றாம் பணி.

தோழர் ஒருவர் இதைக் கேட்டுச் சினந்தார். “1953இல் வந்த குலக்கல்வியைப் பின்வாசல் வழியே அழைத்து வருகிறீரா?” என்றார். வினா சுட்டது, சுட வேண்டிய வினாவே அது! இராசாசி ஆட்சி கொண்டுவந்த அத்திட்டம், சிற்றூர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி என்றது. எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. எதிர்ப்புப் புயல் எழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது.

பெரியவரின் பேரன் நம் வகுப்பில்தான் இருக்கிறான். குடும்பத் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியவன் அவன். “பேரன் படிக்கட்டும் தம்பி. இந்தச் சேறு எங்களோடு போகட்டும்” என்றார் பெரியவர். அவர் அஞ்சியது சேற்றுக்கு அன்று. சேற்றோடு ஒட்டிவரும் இழிவுக்கு!

ஆகவே திட்டத்தில் மூன்று விதிகள் சேர்த்தோம். யார் மண் பிசைவது, யார் வனைவது, யார் அளப்பது என்பதைக் குலுக்குச் சீட்டு முடிவு செய்யும். பிடிக்காத பணியை மாற்றிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. சக்கரத்தில் முதலில் மாணவியரே அமர்வர். ஏனெனில், இந்நாட்டின் பல பகுதிகளில் குயவர் வீட்டுப் பெண்கள் மண் பிசையலாம், வண்ணம் தீட்டலாம், சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள். மூன்றாவதாக, பெரியவர் பள்ளிக்கு வருவது காட்சிப் பொருளாக அன்று, ஆசிரியராக. நகரத்துப் பயிற்சிக்கூடம் ஒரு நாளுக்கு நம்மிடம் வாங்கிய கட்டணமே அவருக்கும் ஊதியம். ஆசிரியர் நால்வர் அதனைப் பகிர்ந்துகொண்டோம்.

முதல் நாள் சீட்டில் பேரனுக்கு வந்தது வனையும் பணி. அவன் தலை கவிழ்ந்தான். பிறகு, “அளவுகோல் தாங்க சார்” என்றான். மறுபேச்சின்றிக் கொடுத்தோம். வனையும் சீட்டை ஒரு வணிகரின் மகள் வாங்கிக்கொண்டாள்.

குலக்கல்வி, மகனைத் தந்தையின் சக்கரத்தோடு கட்டிப்போட்டது. நாம் வேண்டுவதோ, எவர் மகளும் எந்தச் சக்கரத்திலும் அமரலாம், எவர் மகனும் எழுந்து போகலாம் என்னும் உரிமை. இளந்தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அந்தச் சக்கரம் சுழலட்டும். அதைச் சுழற்றும் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்பார் இல்லாமற் போகட்டும்!