எத்தனை செட் வேணும்?

ஜெயங்கொண்டத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பா நடத்திய கடை. பிள்ளை பெற்ற வீட்டார் வந்தால் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி உரை மருந்து என்று கொடுப்போம். "ராத்திரியெல்லாம் அழுவுது, தூங்கவே மாட்டேங்குது" என்பார்கள். நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை செட் வேணும்?" குழந்தைக்கு எத்தனை மாதம், பால் குடிக்கிறதா, காய்ச்சல் உண்டா, எதையும் கேட்டதில்லை. கேட்டால் வியாபாரம் போய்விடுமோ என்ற பயம்.

ஆண்டிமடம் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி, "ஜாதிக்காயைக் கொஞ்சம் கூட உரைக்கலாமா தம்பி?" என்றார். "தாராளமா உரைங்க, ஒண்ணும் பண்ணாது" என்றேன். பச்சைப் பிள்ளை பாலுக்குக்கூட எழும்பாமல் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்தது. யாரும் கடைக்கு வந்து சண்டை போடவில்லை. தன் கைதான் பிசகிவிட்டது என்று பாட்டி நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

பிறகுதான் படித்தேன். ஜாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் அளவு மீறினால் மயக்கம், படபடப்பு, மனக்குழப்பம் வரும். வசம்பு எண்ணெய் கொடுத்த எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்ததால், அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. அதற்குக் காரணமான பீட்டா-அசரோன் நம் நாட்டு வசம்பில்தான் அதிகம். உரைகல்லில் இரண்டு சுற்று என்றால் என்ன அளவு? காய்க்குக் காய், கைக்குக் கை மாறும்.

"உங்க மருந்துலதான் நின்னுச்சு" என்று வாழ்த்தியவர்களும் உண்டு. நோயில்லாத பிள்ளையின் அந்த ஓயாத அழுகை, பிறந்த ஆறாவது வாரம்வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். பெயர் வாங்கிக்கொண்டவன் நான்.

இப்போது ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு என்றால் கொடுப்பதில்லை. தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். சிலர் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போகிறார்கள். வசம்பு வளையலை மட்டும் இன்னும் விற்கிறேன். பிள்ளை அதை வாயில் வைத்துக் கடிக்கும் என்று தெரிந்தே விற்கிறேன். லாபத்தை விட மனம் வரவில்லை.

பச்சைப் பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சலோடு அழுதாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உரைகல்லைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன உரைத்துக் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.