காருக்கு ஓர் உறுதி

யாழ்ப்பாணத்து மனிதரிடம் ஒரு காணியைக் காட்டினால் அவர் முதலில் மண்ணைப் பார்க்க மாட்டார், உறுதியைத்தான் கேட்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அறுதியாகவா, நன்கொடையாகவா, சீதனமாகவா, தோம்பில் யார் பெயர் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் மண்ணுக்கே மதிப்பு. இந்தப் பழக்கத்தை நாங்கள் கடல் கடந்தும் கொண்டுவந்துவிட்டோம். அதனால்தான், கனடாவின் மேற்குக் கரையில் விக்ரோறியா நகரத்து நூதனசாலையின் உடைமையாக இருக்கிற ஒரு பழைய றோல்ஸ் றோய்ஸ் காரின் உறுதியைப் படிக்கவேண்டும் என்ற ஆசை எங்களுக்கு வந்தது.

கார் ஜோன் லெனனுடையது. பன்ரொம் 5 என்ற வகை. 1959 முதல் 1968 வரை இந்த வகையில் 516 வண்டிகளே செய்யப்பட்டன. இதற்கு முந்திய பன்ரொம் 4 மொத்தம் 18தான். அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டுமே அது கொடுக்கப்பட்டது. பன்ரொம் 5 காசுள்ள எவருக்கும் கிடைத்தது. எலிசபெத் மகாராணியிடம் ஒன்று இருந்தது. லிவர்ப்பூலில் பெரியம்மா வளர்த்த பொடியனிடமும் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்து இப்படிப்பட்ட கார்களை ஒரே தொழிற்சாலையில் முழுதாகச் செய்து முடிப்பதில்லை. றோல்ஸ் றோய்ஸ் கம்பனி குறூ என்ற ஊரில் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் செய்யும். அதன்மேல் உடலைக் கட்டுவது வேறு கைகள். குதிரை வண்டி செய்த காலத்திலிருந்து வந்த தொழில் அது. தகட்டைக் கையால் தட்டி வளைத்து, மரவேலையும் தோல்வேலையும் செய்து, வாங்குகிறவர் சொன்னபடி முடித்துக் கொடுப்பார்கள். ஊரில் ஆசாரியாரைக் கூப்பிட்டுக் கதவுநிலைக்கு அளவு கொடுப்போமே, அதுபோலத்தான். லெனனின் வண்டிக்கு உடல் கட்டியது லண்டனின் முலினர் பார்க் வார்ட். இரண்டு பழைய கராச்சிகளை றோல்ஸ் றோய்ஸ் வாங்கி, 1961இல் ஒன்றாக்கி உண்டாக்கிய நிறுவனம். நீளம் ஏறத்தாழ 20 அடி. அடிச்சட்ட இலக்கம் 5விடி73. வீதிப் பதிவு இலக்கம் எஃப்ஜேபி 111சி. 1965 ஜூனில் கறுப்பு நிறத்தில் கைக்கு வந்தது. பிறகு அவர் பின்னாசனத்தைக் கட்டிலாக மடிக்கச் செய்தார். இசைத்தட்டுக் கருவி, தொலைக்காட்சி, தொலைபேசி, குளிர்ப்பெட்டி எல்லாம் பூட்டினார்.

1965 ஒக்ரோபர் 26ஆம் திகதி, மகாராணியிடம் எம்.பி.ஈ. பட்டம் வாங்க நான்கு பேரும் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனது இந்தக் காரில். 1969 நவம்பரில் லெனன் அந்தப் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். நைஜீரியா - பயாஃப்ரா விவகாரத்தில் பிரிட்டன் தலையிட்டதும், வியட்நாமில் அமெரிக்காவுக்கு ஆதரவாக நின்றதும் காரணங்கள் என்று எழுதினார். தன்னுடைய ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் கீழே போவதையும் மூன்றாவது காரணமாகச் சேர்த்துவிட்டார். அந்த மூன்றாவதைக் கண்டு பலர் கோபப்பட்டார்கள். எங்கள் கண் நின்றது முதலாவதில்தான். பயாஃப்ராவில் பட்டினிபோட்டு ஒரு சனத்தைச் சாகடித்ததை ஒரு பாட்டுக்காரன் அரண்மனைக்கு எழுதிச் சொன்னானே என்று நினைத்துக்கொண்டோம்.

1967இல்தான் கார் இன்றைய கோலத்துக்கு வந்தது. சேர்ட்சி என்ற ஊரிலிருந்த ஒரு கராச்சியிடம் கொடுத்து, ஜிப்சிகளின் கூண்டு வண்டியைப்போல வர்ணம் பூசுவித்தார். மஞ்சள் அடிப்பூச்சு, அதன்மேல் சிவப்பு, நீலம், பச்சையில் சுருள்கள், கதவுகளில் பூங்கொத்து, கூரையில் இராசிச் சின்னம். செலவு 2,000 பவுண் என்பார்கள். லண்டன் தெருவில் ஒரு மூதாட்டி, றோல்ஸ் றோய்ஸை இப்படியும் செய்யலாமா என்று குடையால் அடிக்க வந்ததாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அந்தக் கோபம் மெய். வண்டியின் முகத்தில் பூசும் மையில் எவ்வளவு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. 1957இல் இலங்கையில் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். வடக்கில் அதைத் தார்பூசி அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினோம். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். 1958 எப்படி முடிந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

காரை எப்போதும் பார்வைக்கு வைப்பதில்லை. ஒரு கோடை விடுமுறையில், அது வெளியே வைக்கப்பட்டிருந்த சமயம் பார்த்து, வன்கூவரிலிருந்து கப்பலேறிக் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். பெரியம்மாவுக்குப் பீற்றில்ஸையும் தெரியாது, லெனனையும் தெரியாது. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது எங்கட கோயில் தேரெல்லோ பிள்ளையள். வடம் ஒண்டுதான் இல்லை" என்றார். பிறகு, "ஆற்றை?" என்று கேட்டார். நாங்கள் வரிசையைச் சொன்னோம்.

1970இல் கார் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனது. உடையவர் 1971இல் பின்னால் போய்ச் சேர்ந்தார். காருக்கு வந்த இடத்தில் ஒரு கரைச்சலும் இருந்ததாகத் தெரியவில்லை. உடையவருக்கு இருந்தது. 1968இல் லண்டனில் கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டம் கட்டியவர் என்ற காரணத்தைக் காட்டி, 1972இல் அவரை நாடுகடத்த அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களம் வழக்குத் தொடங்கியது. போரை எதிர்த்து அவர் பேசியதுதான் உள்காரணம். 1973இல் 60 நாட்களுக்குள் வெளியேறு என்று கட்டளை. அப்பீல், மறு அப்பீல். 1975 ஒக்ரோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 1976 ஜூலையில்தான் நிரந்தர வதிவிட அட்டை கையில் கிடைத்தது. இதைச் சொன்னபோது பெரியம்மா காரை மறந்துவிட்டார். "நாலு வரியமோ? பாவம், எங்கட சின்னவனுக்கும் நாலு வரியந்தானே இழுத்தது" என்றார்.

1977இல் வரிச்சலுகைக்காக லெனனும் யோகோ ஓனோவும் காரை நியூயோர்க்கின் கூப்பர் ஹெவிட் நூதனசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். காப்புறுதிச் செலவு தாங்காமல் அவர்கள் அதைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தார்கள். 1980 டிசெம்பர் 8ஆம் திகதி லெனன் சுடப்பட்டு இறந்தார். 1985 ஜூன் 29ஆம் திகதி சொதபீஸ் ஏலத்தில் கார் விலைக்கு வந்தது. இரண்டு, மூன்று இலட்சம் டொலர் போகும் என்று மதித்தார்கள். போனது 22 இலட்சத்து 99 ஆயிரம். வாங்கியது வன்கூவர் வர்த்தகர் ஜிம் பற்றிசனின் கம்பனி. 1986இல் வன்கூவரில் நடந்த உலகக் கண்காட்சிக்குத் தலைவரும் அவரே. அங்கே கார் காட்சிக்கு நின்றது. 1987இல் அதைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 1993இல் விக்ரோறியா நூதனசாலைக்கு வந்தது. ஒரு கண்ணியும் அறாத உறுதி.

1986 என்ற ஆண்டில் நாங்கள் கொஞ்சம் நின்றோம். மே தொடக்கம் ஒக்ரோபர் வரை அந்தக் கண்காட்சி நடந்தது. அதே கோடையில், ஓகஸ்ட் 11ஆம் திகதி, இதே நாட்டின் மறுகரையில், நியூபவுண்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்துக்கொண்டிருக்க, மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்டபோது இந்தியாவிலிருந்து என்றார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து என்று பிறகு தெரியவந்தது. உயிருக்குப் பயந்தவன் உறுதி எழுதிக்கொண்டு வரமாட்டான் என்று எங்களுக்குத் தெரியும். பத்திரிகைகளுக்கு அது தெரியவில்லை.

24 ஆண்டுகள் கழித்து, 2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி, சண் சீ என்ற கப்பல் 492 தமிழரோடு வந்து கட்டியது எஸ்குவிமால்ற் கடற்படைத் துறையில். கார் இருக்கிற நூதனசாலையிலிருந்து அது வெகுதூரமில்லை. அதற்கு முந்திய ஒக்ரோபரில் ஓஷன் லேடியில் 76 பேர் வந்திருந்தார்கள். சண் சீயில் வந்தவர்களை அடையாளப் பத்திரம் கேட்டு மாதக்கணக்காக மறியலில் வைத்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து ஒரு வரியம் கழித்து வந்த சனத்திடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் அவர்கள் எந்தப் பதுங்குகுழியைக் காட்டுவது? மஞ்சள் காரின் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அதன் 5விடி73ஐப் பத்திரமாகக் காப்பாற்றித் தந்தவர்களை மெச்சத்தான் வேண்டும். ஒரு பொருளின் சரித்திரத்தை இவ்வளவு அக்கறையாகப் பேணத் தெரிந்த நாட்டுக்கு, மனிதரின் சரித்திரத்தையும் பொறுமையாகக் கேட்கத் தெரியவேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கு.

எங்கள் ஊரிலும் ஒரு பிரிட்டிஷ் கார் இருந்தது. ஒஸ்ரின் ஏ40. ஒழுங்கையில் எல்லாருடைய கலியாணத்துக்கும், பிள்ளைப்பேற்றுக்கும், செத்தவீட்டுக்கும் அதுதான் ஓடியது. முதலில் ஒரு தபாலதிபருடையது, பிறகு ஒரு சுருட்டு முதலாளியினது, பிறகு வாடகைக்கு ஓட்டிய கந்தையா அண்ணருடையது. 1990க்குப் பிறகு பெற்றோல் தடை வந்தபோது, ஊசியால் நாலு துளி பெற்றோலைக் காபிறேற்றருக்குள் அடித்து, ஸ்ராட் வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார். புது ஜப்பான் கார்கள் இருமிக்கொண்டு நிற்க, அமுக்கம் குறைந்த அந்தக் கிழட்டு எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு போகும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட இரவில், கோப்பாய் றோட்டில், சனநெரிசலில் அசைய முடியாமல் அதை ஓரமாக விட்டுவிட்டு அவர் நடந்தார். உள்ளே இரண்டு கிழவிகள் இருந்தார்கள். அவர்களை எங்கள் மூத்தவர்கள் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் காரைக் கண்டவர் இல்லை. அதற்கு ஏலமும் இல்லை, நூதனசாலையும் இல்லை. ஆனால் மூன்று உடையவர்களின் பெயரையும், பின்கதவு உள்ளிருந்து திறபடாது என்பதையும், யார் யார் அதில் பிறக்கப் போனார்கள் என்பதையும் நாங்கள் இன்னும் சொல்வோம். பெரியம்மா சொல்லச் சொல்லச் சின்னவனின் மகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இலக்கத்தை மட்டும் யாராலும் ஞாபகப்படுத்த முடியவில்லை. ஸ்ரீக்கு முன்னால் ஐந்தா ஆறா என்று இரண்டு மாமாமாரும் இன்னும் தர்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.