ஆன்டிகனிக்கு மூன்று நடிகர்கள்

முதலாம் படிவ வரலாற்றுப் பாடநூலின் ஆறாம் அத்தியாயம் கிரேக்க, ரோமானிய நாகரிகங்களைப் பற்றியது. ஜொகூரில் நான் பணியாற்றும் இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் நடத்துகிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பிறகு தமிழிலும் விளக்குவேன். எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயம் தேற வேண்டிய பாடம் என்பதால், குறிப்பை மனனம் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏதென்ஸ் மக்களை அப்படி அறிந்துகொள்ள முடியாது. அவர்கள் நாடகத்தை மாணவர்கள் எழுந்து நின்று ஆடிப் பார்க்க வேண்டும்.

நாடகத்துக்கு முன்னால் வீட்டையும் சாப்பாட்டையும் சொல்லிவிடுவேன். சுடாத செங்கல் சுவர். திருடன் கன்னம் வைத்து உள்ளே நுழைவான். பார்லி ரொட்டி, ஒலிவம், அத்திப்பழம், மீன். இறைச்சி பெரும்பாலும் விழாப் பலியன்றுதான். இது தெரிந்த பிள்ளைக்கு, வசந்தகால டயோனிசஸ் விழா வந்தால் ஊர் ஏன் அவ்வளவு ஆர்ப்பரித்தது என்பது தானாகப் புரியும். அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் மக்கள் திரள்வார்கள். ஒவ்வொரு புலவரும் மூன்று துன்பியல் நாடகங்களோடு போட்டியிடுவார். பாடற்குழுவின் செலவை ஒரு செல்வந்தர் ஏற்பார்; நம் கோயில் திருவிழா உபயம் மாதிரி. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்துக்கு அப்படிச் செலவேற்றவர் பெரிகிளிஸ்.

அடுத்தது சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'. அரசன் கிரியோனின் தடையை மீறி, இறந்த அண்ணனுக்கு இறுதிச் சடங்கு செய்யும் பெண்ணின் கதை. ஆன்டிகனி, தங்கை இஸ்மேனி, கிரியோன், காவலன், கிரியோனின் மகன் ஹீமோன், குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ், தூதுவன், அரசி என்று பாத்திரங்களைப் பலகையில் எழுதுவேன். பிறகு மூன்று மாணவர்களை மட்டும் முன்னே அழைப்பேன். ஏதென்ஸில் பேசும் வேடங்களையெல்லாம் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி ஏற்றார்கள். யாருக்கு எந்த வேடம் என்பதை வகுப்பே தீர்மானிக்க வேண்டும்.

அந்த வாக்குவாதம்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அக்காளும் தங்கையும் ஒரே காட்சியில் பேசுவதால் ஒருவரே இருவராக முடியாது. கிரியோன் ஏறக்குறைய எல்லோரோடும் மோதுகிறான். அவனுக்குத் தனி ஆள் வேண்டும். ஆன்டிகனியும் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஹீமோனும் மேடையில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். அப்படியென்றால் இருவரையும் ஒரே நடிகர் செய்யலாம்! நாடகத்தின் கட்டுமானம் அந்த நிமிடத்தில் அவர்களுக்குப் பிடிபடுகிறது. எத்தனை பக்கம் குறிப்பு கொடுத்தாலும் அந்தத் தெளிவு வராது.

மீதிப் பிள்ளைகளில் பதினைந்து பேர் பாடற்குழு, கதை நடக்கும் தீப்ஸ் நகரத்து முதியவர்கள். உண்மையில் அந்தக் குழுவில் ஆடியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற சாதாரணக் குடிமக்கள். தனியாகப் பேசக் கூச்சப்படும் பிள்ளை இந்தக் கூட்டத்தில் குரல் கொடுக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த முதியவர்கள் முதலில் அரசனுக்கு அடங்கியே பேசுகிறார்கள். டைரீசியஸ் எச்சரித்துப் போன பிறகுதான் சிறைப்பட்ட ஆன்டிகனியை விடுவிக்கச் சொல்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. "ஏன் சார் முன்னாடியே சொல்லல?" என்ற கேள்வி அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளிடமிருந்துதான் வரும். மக்களாட்சி என்ற பாடத்தை நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மாணவிகள் இன்னொன்றும் கேட்பார்கள்: ஆன்டிகனியாக நடித்தவர் ஆணா? ஆம், நம் தெருக்கூத்து மரபிலும் பெண்வேடம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. ஏதென்ஸின் மக்கள் மன்றத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்பதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அரசனை எதிர்த்த பெண்ணை மேடையில் ஏற்றிய நகரம்தான் அதையும் செய்தது. இரண்டும் சேர்ந்ததே உண்மையான ஏதென்ஸ்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறாம் அத்தியாயத்துக்கு ஓர் இரட்டைப் பாடவேளையை இப்படி ஒதுக்குங்கள். முகமூடிக்கு மணிலா அட்டையும் கொஞ்சம் நூலும் போதும். வேடங்களைப் பங்கிடும் வேலையை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.