சனிக்கிழமை ஐந்து மணி

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைப் பெண்கள். ஆச்சிக்கு 88, அம்மாவுக்கு 64, எனக்கு 35, மகளுக்கு 3. மற்ற மூன்று பேரையும் பார்த்துக்கொள்வது அம்மா.

2020இல் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு பாளையங்கோட்டைக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். மகள் பிறந்தபோது, 2017 சட்டத் திருத்தத்தின் புண்ணியத்தில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. 27ஆவது வாரத்திலிருந்து சட்டம் விலகிக்கொண்டது, அம்மா வந்தாள். பிள்ளைகள்தான் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 60 வயதைத் தாண்டினால் மூத்த குடிமக்கள். அந்தக் கணக்கில் அம்மா இரண்டு பக்கமும் நிற்கிறாள்: பராமரிக்க வேண்டிய பிள்ளையும் அவள்தான், பராமரிக்கப்பட வேண்டிய மூத்தவளும் அவள்தான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் சர்ச்சில் கொயர் பிராக்டிஸ். அம்மா ஆல்ட்டோ. சோல்ஃபா எழுதிய பழைய நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலரைக்கே கிளம்பிவிடுவாள்.

போன நவம்பரில் ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அம்மா ஓய்ந்துபோனதாக எனக்குப் பட்டது. நானே கொயர் மாஸ்டருக்கு போன் போட்டு, "இந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வரமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்த நிம்மதி வேறு.

இரண்டு நாள் அம்மா பேசவில்லை. மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, ஆச்சிக்குச் செய்றது எனக்குப் பாரம்னு உங்கிட்ட சொன்னேனா? எனக்கு ரெண்டும் வேணும். ஒத்தாசை பண்ணணும்னா சனிக்கிழமை ஆச்சி பக்கத்துல நீ உக்காரு."

அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் வாரத்தில் எதை வெட்டினால் எனக்கு வேலை கூடாதோ, அதைத்தான் வெட்டியிருக்கிறேன். அதற்கு அக்கறை என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

மறுபடியும் மாஸ்டருக்கு போன் போட்டேன். ஆபீஸ் காலண்டரில் சனிக்கிழமை மாலையை அடைத்துவைத்தேன். முதல் வாரம் ஆச்சிக்கு டயப்பர் மாற்றவே இருபது நிமிஷம் ஆனது. நடுவில் மகள் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தாள். ஏழரைக்கு அம்மா திரும்பியபோது சண்டையிலிருந்து வந்தவள் மாதிரி நின்றிருந்தேன். அம்மா சிரித்துவிட்டு நேரே அடுக்களைக்குப் போனாள்.

அவள் வேலை எதுவும் குறையவில்லை. அதே கஞ்சி, அதே மாத்திரை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆச்சிக்கு ஊட்டினாள்.

ஆச்சி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "சுருதி எறங்குது, பாத்துப் பாடு."