ஓநாய் வாயில் ஓர் ஆசி

பாலெர்மோ, சிசிலித் தீவு.

எங்கள் கட்டடத்து மேல்மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி, 30 கேள்விகளுக்கு 20 நிமிஷத்தில் இத்தாலிய மொழியில் விடையளித்து, மூன்று பிழைக்கு மேல் போகாமல் தேறவேண்டிய வாகன ஓட்டுநர் பரீட்சைக்குப் புறப்பட்ட செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் நின்று, "இன் போக்கா அல் லூப்போ!" என்று வாழ்த்தினாள். 'ஓநாயின் வாய்க்குள்' என்று அதற்கு அர்த்தம். நல்ல வளர்ப்பில் வந்த பிள்ளையாதலால் அவர் "கிராட்ஸியே" என்று நன்றி சொன்னார். சொன்னதுதான் தாமதம், அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு படி இறங்கிவந்து, அவருடைய சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு, "கிரேப்பி" என்று சொல்லவைத்த பிறகே விட்டாள்.

இந்தச் சம்பிரதாயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். பரீட்சை, நேர்காணல், மேடையேற்றம் போன்ற சோதனைக்குப் போகிறவருக்குத்தான் இவ்வாழ்த்து, பிறந்தநாளுக்கு ஆகாது. 'கிரேப்பி' என்றால் அந்த ஓநாய் சாகட்டும் என்று பொருள். நன்றி சொன்னால் அதிர்ஷ்டம் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. 1970-களின் தொடக்கத்தில் இத்தேசத்தில் ஓநாய்கள் ஏறக்குறைய நூறாகக் குறைந்து, சட்டம் போட்டுக் காப்பாற்றவேண்டிய நிலை வந்தது. ஆகையால் இப்போது ஜீவகாருண்யமுள்ள இளையவர்கள் "வீவா", அதாவது வாழட்டும், என்று விடை சொல்கிறார்கள். கிழவர்களுக்கு அது பிடிப்பதில்லை. இந்த வழக்கு தீர்வதற்குள் பரீட்சைக்காரன் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவான்!

ஆசி கூறியவருக்கு நன்றி கூறுவதையே குற்றமாக்கிய ஒரு நாகரிகத்தை என்னால் மெச்ச இயலவில்லை. அந்தமானில் நமது குட்வில் எஸ்டேட்டிலிருந்து ஒரு பிள்ளை மேற்படிப்புக்குச் சென்னைக் கப்பல் ஏறும் நாளில், பாட்டி திருநீறு இட்டு "நல்லபடியா போயிட்டு வா" என்பாள், அவன் "போயிட்டு வரேன்" என்பான். அடுத்த வீட்டு வங்காளத்து மாசி "துக்கா, துக்கா" என்று துர்க்கையை அழைத்து வழியனுப்புவாள். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் 'போகிறேன்' என்னாமல் "ஆஷி", வருகிறேன், என்றுதான் படியிறங்குவான். எந்த மிருகத்தின் சாவையும் யாரும் வேண்டுவதில்லை. இதை எழுதும்போதே அந்தத் திருநீற்றின் வாசனை எங்கிருந்தோ வருகிறது.

மற்ற சில்லறை ஒலிகளும் லேசானவையல்ல. ஓர் அலுவலகச் சாளரத்தில் என் விண்ணப்பம் என்னவாயிற்று என்று பணிவோடு கேட்டேன், உள்ளிருந்தவர் தோளைக் குலுக்கி "போ!" என்றார். தெரியாது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று புத்திக்குத் தெரிந்தாலும் தமிழ்க் காது பொறுக்குமா? பல்லாரோ சந்தையில் மத்தி மீன் உண்டா என்றால், மீன்காரர் முகவாயைச் சற்று மேலே தூக்கி, நாக்கால் 'ட்ச்' என்று ஓர் ஒலி எழுப்புவார். இல்லை என்பது முடிந்துவிட்டது. நம்மவர் உச்சுக்கொட்டினால் அதில் கொஞ்சம் இரக்கமாவது இருக்கும்.

இவற்றையெல்லாம் மொழிப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். இதே இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680-இல் பிறந்து நம்மிடம் வந்த வீரமாமுனிவரோ, செந்தமிழ் மட்டும் கற்ற பாதிரிமார் தெருவில் பேச்சற்று நிற்பார்கள் என்று கண்டு, பேச்சு வழக்குக்கென்றே லத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றை 1728-இல் எழுதினார். பத்து வருஷத்துக்குப் பின் அது தரங்கம்பாடியில் அச்சேறிற்று. அவருடைய தேசத்தார் தங்கள் தெருப்பேச்சுக்கு அந்த மரியாதையில் பாதி காட்டியிருந்தால், மேல்மாடித் தம்பிக்குச் சட்டைக் கை கசங்கியிராது.